வெனிலா கலந்த சர்க்கரைத் தண்ணீர்

நான் பூச்சிகளுக்குச் சமைத்துப் போட்டவள். இதைச் சொன்னால் சிரிப்பார்கள் என்பதால் யாரிடமும் சொன்னதில்லை. அறுபதுகளில், செம்பூர் தாண்டி ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் பழ ஈ வளர்க்கும் அறை ஒன்று இருந்தது. கனிந்துபோன வாழைப்பழத்தைச் சுற்றிப் பொடிப்பொடியாகப் பறக்குமே, அந்த ஈ. அவற்றுக்குச் சோறு கிண்டுவதும் பாட்டில் கழுவுவதும் என் வேலை.

அதற்கு முன்னால் மாட்டுங்காவில் ஒரு வீட்டில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். அந்த வீட்டு அம்மா கல்யாணம் செய்துகொள்ளாதவர். முப்பத்தைந்து வயது இருக்கும். தன் தாயாரோடு இருந்தார். தினமும் காலையில் டிபன் டப்பாவோடு அந்த ஆராய்ச்சிக்கூடத்துக்குப் போவார். ஒரு நாள் சமையலறை வாசலில் நின்று என்னைக் கூப்பிட்டார்.

"எட்டாங்கிளாஸ் வரைக்கும் படிச்சிருக்கே. இங்க கரி தேய்ச்சுண்டே இருக்கணுமா? எங்க லேப்ல சமைக்க ஆள் வேணும். வரியா?"

"எத்தன பேருக்கும்மா?" என்று கேட்டேன்.

"ஒரு லட்சம் பேர் இருப்பா. பயப்படாதே, அத்தனை பேரும் சேர்ந்து உன் புருஷன் ஒருத்தன் சாப்பிடறதைக்கூடச் சாப்பிடமாட்டா."

அப்படித்தான் போனேன். மக்காச்சோள மாவு, வெல்லம், ரம்ஜானுக்கு எங்கள் பக்கத்து வீட்டில் காய்ச்சுவார்களே அந்தக் கடல்பாசி, இவற்றைப் போட்டுப் பெரிய அடுப்பில் கிண்ட வேண்டும். பதம் தவறினால் ஈக்கள் ஒட்டிக்கொண்டு செத்துப்போகும். கொதிக்கக் கொதிக்கப் பால் பாட்டில்களில் ஊற்றி, ஆறியதும் ஈஸ்ட் தூவி, பஞ்சால் அடைக்க வேண்டும். அந்தக் கட்டடத்திலேயே ஈக்களின் அறை மட்டும்தான் எப்போதும் ஒரே குளிர்ச்சியில் இருக்கும். தாராவியில் எங்கள் ஒற்றை அறைக் கோலியில் அப்போது ஒரு மின்விசிறிகூட இல்லை.

எனக்கு அந்த அறை பிடித்திருந்தது. அங்கே யாரும் என்னோடு பேச வேண்டியதில்லை. நான் சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். கடையில் மிச்சச் சில்லறை குறைந்தாலும் கேட்காமல் வந்துவிடுவேன். அங்கே ஒன்றுதான் எனக்குக் கூச்சமாக இருந்தது. கூட்டிலிருந்து புதிதாக வெளிவந்த பெண் ஈக்களை ஆண்கள் நெருங்கும் முன்பே தனியாக எடுத்து வைப்பார்கள். அதற்குக் 'கன்னி பொறுக்குவது' என்று பெயர். ஆண்களும் பெண்களுமாக உட்கார்ந்து சத்தமாக அந்த வார்த்தையைச் சொல்லுவார்கள். நான் பாட்டிலைக் கழுவுவதுபோலத் திரும்பிக்கொள்வேன்.

வேலைக்குப் போன நாளில் எனக்கு இரண்டு பிள்ளைகள் போயிருந்தன. முதலாவது ஐந்தாம் மாதத்திலேயே கலைந்தது. இரண்டாவது ஆண். மாதம் நிறைந்து பிறந்தான், ஆனால் அழவில்லை. நர்ஸ் தலைகீழாகப் பிடித்துத் தட்டினாள். அப்போதும் அழவில்லை. ஊரிலிருந்து என் மாமியார் எழுதச் சொன்ன கடிதத்தில் என் வயிறு சரியில்லை என்று இருந்தது. என் வீட்டுக்காரர் அதைப் படித்துவிட்டுக் கிழித்துப் போட்டார். என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் கிழிக்கும் முன் நான் படித்துவிட்டேன்.

அவர் செம்பூர்ப் பக்கம் ஒரு சின்ன மருந்துக் கம்பெனியில் இருந்தார். நோய்க்குக் கொடுக்கும் மருந்து இல்லை, சாயத்துக்கும் வேறெதற்கோ போகிற மருந்து. பெரிய பீப்பாயிலிருந்து சின்ன ஜாடிகளுக்கு ஊற்றுவது அவர் வேலை. பீப்பாயில் என்ன எழுதியிருந்தது என்று அவருக்கும் தெரியாது. கையில் பட்டால் தோல் உரியும். சட்டையை எத்தனை முறை துவைத்தாலும் ஒரு காரமான நெடி போகாது. ஷிப்ட் முடிந்து வெளியே வரும்போது ஆளுக்கு ஒரு கட்டி வெல்லம் கொடுப்பார்கள். வெல்லம் தின்றால் உள்ளே போன நெடியெல்லாம் கழுவிக்கொண்டு போய்விடும் என்பது அங்கே எல்லோருக்கும் நம்பிக்கை. பம்பாயில் தூசியிலும் மருந்திலும் வேலை செய்கிறவர்கள் எல்லோரும் அப்படித்தான் நம்பினார்கள். அவர் பாதியைத் தின்றுவிட்டுப் பாதியை எனக்குக் கொண்டுவருவார்.

ஈ அறையில் சேர்ந்து ஒரு வருடம் இருக்கும். மேடம் ஒரு புது வேலையைத் தொடங்கினார். (அந்த மாட்டுங்கா அம்மாவை லேபில் எல்லோரும் மேடம் என்றுதான் கூப்பிட்டார்கள். நானும் அங்கே அப்படியே கூப்பிடப் பழகிக்கொண்டேன்.) ஆண் ஈக்களைக் கொஞ்ச நேரம் பட்டினி போட்டு, பிறகு ஒரு விஷ மருந்தைச் சர்க்கரைத் தண்ணீரில் கலந்து, மை ஒற்றும் தாளில் நனைத்துக் குடிக்க வைப்பார்கள். அந்த மருந்து ஈயைக் கொல்லாது. அதற்குள் இருக்கும் வித்துகளைக் கெடுக்கும். பிறகு அந்த ஆண்களைச் சுத்தமான பெண் ஈக்களோடு விடுவார்கள். அவை முட்டையிடுவதற்கு நான் தனியாக ஒரு சோறு கிண்டுவேன். அதில் கரிப்பொடி கலந்து கறுப்பாக்க வேண்டும். அப்போதுதான் வெள்ளை முட்டை கண்ணுக்குத் தெரியும். சின்னக் குழிக்கண்ணாடிகளில் அந்தக் கறுப்புச் சோற்றை ஊற்றி வைப்பேன். மறுநாள் பார்த்தால் பொரிந்த முட்டை வெறும் தோலாகக் கிடக்கும். பொரியாதது அப்படியே இருந்து மெல்லப் பழுப்பாகிவிடும்.

மருந்து குடித்த அப்பன்களின் கண்ணாடிகளில் பழுப்பு முட்டைகளே நிறைய இருந்தன.

கண்ணாடி கழுவும்போது அவற்றைப் பார்த்துக்கொண்டே நின்றிருக்கிறேன். மருந்து தகப்பனுக்கு மட்டும்தான். தாய் ஒன்றும் குடிக்கவில்லை. அவள் கன்னியாகப் பொறுக்கி எடுக்கப்பட்டு, நல்ல சோறு தின்று வளர்ந்தவள். அப்படியும் முட்டை பொரியவில்லை. மாமியாரின் கடிதம் நினைவுக்கு வந்தது. அன்று பஸ்ஸில் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் கண் கலங்கிக்கொண்டே இருந்தது. பக்கத்தில் இருந்தவள் மராத்தியில் என்ன ஆயிற்று என்று கேட்டாள். தூசி என்றேன்.

என் வீட்டுக்காரரிடம் இதைச் சொல்ல எனக்கு ரொம்ப நாள் ஆயிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, குழாயில் தண்ணீர் பிடித்துவிட்டு வந்து உட்கார்ந்திருந்தார்.

"அந்த வேலைய விட்டுருங்க" என்றேன்.

"விட்டுட்டு?"

"எங்கண்ணன் ஆள் தேடுதான்லா. முறுக்குப் பிழிய ஆள் பத்தலையாம்."

தாராவியிலேயே என் அண்ணன் ஒரு கொட்டகை போட்டு முறுக்கும் சேவும் சுட்டுக் கடைகளுக்கு அனுப்பிக்கொண்டிருந்தான். அவர் சிரித்தார்.

"மச்சானுக்கு முறுக்குப் பிழிய நான் ஊர விட்டு வந்தேனாக்கும்? 'ஏ மாப்ள, மாவு பிசைஞ்சாச்சா'ன்னு அவன் கேப்பான், நான் 'ஆச்சு மொதலாளி'ன்னு சொல்லணும். என்னளா பேசுத நீ?"

நான் ஈக்களைப் பற்றிச் சொன்னேன். தகப்பன் குடித்த மருந்து, பழுப்பு முட்டை, எல்லாம் சொன்னேன். நான் தலையைத் தூக்கவே இல்லை. சொல்லி முடித்ததும் அவர் தண்ணீர்க் குடத்தை எடுத்து உள்ளே வைத்தார். பிறகு, "தீவாளி போகட்டும். போனஸ வாங்கிட்டு மச்சான்கிட்டப் பேசுதேன்" என்றார்.

அவர் சொன்னால் செய்வார். அதனால் நான் தீபாவளிக்காகக் காத்திருந்தேன்.

அந்த மழைக்காலத்தில்தான் அவர் ஈ அறைக்கு வந்தார். மாவு மூட்டை கொண்டுவரும் ஆள் மழையில் வரவில்லை. சயான் கடையிலேயே மூட்டை கிடந்தது. அன்று அவருக்கு வார விடுமுறை. நான் கேட்டதும் தோளில் தூக்கிக்கொண்டு என்னோடு பஸ் ஏறி வந்துவிட்டார். அறை வாசலில் சொட்டச் சொட்ட நின்றார்.

"வாங்கோ, உள்ள வாங்கோ" என்றார் மேடம்.

"இருக்கட்டும்மா, காலெல்லாம் சேறு."

"பரவாயில்லை. உங்க ஆத்துக்காரி யாருக்குச் சமைக்கறான்னு பாத்துட்டுப் போங்கோ."

உள்ளே வந்து பாட்டில் வரிசைகளைப் பார்த்தார். "ஈக்கு ஏசி, ஈக்குச் சமையல்காரி. நான் ஈயாப் பொறந்திருக்கலாம்மா" என்றார். மேடம் வாய்விட்டுச் சிரித்தார். மேடத்துக்குச் சிரிக்க வைக்கிறவர்களைப் பிடிக்கும். லென்ஸ் வைத்த கருவிக்கு முன்னால் அவரை உட்கார வைத்து, ஒவ்வொரு கண்ணாடியாகக் காட்டினார்.

"இது வெறும் சர்க்கரைத் தண்ணி குடிச்சது. பாத்தேளா, எல்லாம் பொரிஞ்சுடுத்து. இது மருந்து குடிச்சது."

"இது அத்தனையும் செத்த முட்டையாம்மா?"

"ஆமாம். இப்போ இதைப் பாருங்கோ. இதுவும் மருந்து குடிச்சதுதான். ஆனா சர்க்கரைத் தண்ணியில கொஞ்சம் வெனிலாப் பொடி போட்டோம். ஐஸ்கிரீம்ல வாசனைக்குப் போடுவாளே, அது. நாம திங்கற வாசனைச் சாமான்லாம் இந்த மாதிரி விஷத்தைக் கூட்டறதா குறைக்கறதான்னு பாக்கறோம்."

அவர் லென்ஸிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை. "பொரிஞ்சிருக்கேம்மா" என்றார். "நெறைய பொரிஞ்சிருக்கே."

"ஆமாம், கொஞ்சம் அதிகமாத்தான் இருக்கு. ஆனா ஒரு தடவை பாத்துச் சொல்லிட முடியாது. திரும்பத் திரும்பப் பண்ணிப் பாக்கணும்."

"நான் பீப்பா ஊத்துத கம்பெனியில இருக்கேன்மா."

மேடம் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் அவரிடம் அதை ஒருபோதும் சொன்னதில்லை. பிள்ளைகள் போனது அவருக்குத் தெரியும். அந்த வேலையைப் பற்றித் தெரியாது.

"என்ன மருந்து?"

"பேரு தெரியாதும்மா. பட்டாத் தோலு உரியும்."

மேடம் கொஞ்ச நேரம் பேனாவை மூடுவதும் திறப்பதுமாக இருந்தார். பிறகு நிதானமாகச் சொன்னார்: "இங்க பாருங்கோ. இது வேற மருந்து, உங்களோடது வேற மருந்து. இது பூச்சி, நீங்க மனுஷா. இதையும் அதையும் சேர்க்கப்படாது. ஆனா என்னைக் கேட்டா, முடிஞ்சா அந்த வேலையை விட்டுடுங்கோ."

"சரிம்மா" என்றார் அவர். மறுபடி குனிந்து அந்த மூன்றாவது கண்ணாடியைப் பார்த்தார்.

மறுநாள் வேலை முடிந்து வரும்போது மாட்டுங்கா மார்க்கெட்டில் இறங்கி ஒரு வெனிலா எசென்ஸ் குப்பி வாங்கி வந்தார். பழுப்பு நிறத்தில் விரல் நீளக் குப்பி. மூடியைத் திறந்து டீயில் சொட்டுவிட்டுக் கலக்கினார்.

"அந்தம்மா வேலைய விடத்தான சொன்னாவ?" என்றேன்.

"விடத்தான் போறேன். அதுவரைக்கும் இது. வெல்லம் குடுக்கான்லா கம்பெனியில, அது மாதிரிதான். அது தூசிக்கு. இது மருந்துக்கு." என்னைப் பார்த்துச் சிரித்தார். "நானே கண்ணால பாத்தேம்ளா. பொரிஞ்சிருந்துது."

அந்தச் சிரிப்பை நான் ரொம்ப நாள் கழித்துப் பார்த்தேன். அழாத பிள்ளையைத் துணியில் சுற்றிக் கொண்டுபோன நாளுக்குப் பிறகு அவர் அப்படிச் சிரித்ததில்லை.

ஷிப்டுக்குப் போகும் முன் ஒரு டீ, வந்ததும் ஒரு டீ. இரண்டிலும் எசென்ஸ். கம்பெனிக்கும் குப்பியைக் கொண்டுபோனார். அவரோடு பீப்பாய் ஊற்றுகிற நாலைந்து பேரும் தங்கள் டீயில் சொட்டுவிட்டுக்கொள்ளத் தொடங்கினார்கள். அவர்களை மற்றவர்கள் 'ஐஸ்கிரீம் பார்ட்டி' என்று கேலி செய்வதாகச் சொல்லுவார். "அரே ஐஸ்கிரீம், இதர் ஆ" என்று சூப்பர்வைசரே கூப்பிடுவானாம். அவருடைய சட்டையில் பழைய காரநெடி அப்படியே இருக்கும், அதற்கு மேல் கல்யாண வீட்டு வாசனை ஒன்று வீசும். அதைத் துவைக்கும்போது மூச்சைப் பிடித்துக்கொள்வேன்.

தீபாவளி வந்தது. போனஸ் வாங்கினார். என் அண்ணனிடம் பேசவில்லை.

"இப்பம் எதுக்குளா மச்சான் காலைப் பிடிக்கணும்? அதான் வழி கெடைச்சாச்சே" என்றார். நான் வற்புறுத்தவில்லை. எனக்கும் அந்த மூன்றாவது கண்ணாடி தெரியும். மேடம் இரண்டாம் முறை செய்தபோதும் அதில் பொரிந்த தோல்கள்தான் அதிகம் இருந்தன. கழுவியது நான்தானே.

பொங்கல் வாக்கில் எனக்கு நாள் தள்ளியது. அவரிடம் சொன்னபோது எழுந்து வெளியே போய்விட்டார். திரும்பி வரும்போது கையில் பொட்டலம் நிறையப் பூ. தாராவியில் எங்கள் சந்து முழுக்கப் பெண்களுக்கு ஆளுக்கு ஒரு முழம் கொடுத்தார். யாருக்கும் காரணம் சொல்லவில்லை. எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

கோடையில் ஒரு நாள், நான் சோறு கிண்டிக்கொண்டிருந்தபோது மேடம் அடுப்புக்குப் பக்கத்தில் வந்து ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். முகம் வாடியிருந்தது.

"ஏமாத்திடுத்துடி" என்றார்.

"என்னம்மா?"

"வெனிலா. மனசுக்குள்ள ஒரு சந்தேகம் இருந்துண்டே இருந்தது. நேத்து சர்க்கரைத் தண்ணியில செவப்புக் கலர் போட்டுக் குடுத்தேன், எவ்வளவு குடிக்கறதுன்னு பாக்க. சும்மா மருந்து போட்டதைக் குடிச்ச ஈக்கெல்லாம் வயிறு செக்கச்செவேல்னு இருக்கு. வெனிலா போட்டதை அதுகள் குடிக்கவே இல்லை. அந்த நெடி பிடிக்கலை போல இருக்கு. வாயை வெச்சுட்டு நகந்து போயிடுத்து. வயித்துல கலரே இல்லை."

எனக்குச் சட்டென்று புரியவில்லை. கரண்டியை நிறுத்திவிட்டேன். அடி பிடிக்கும் வாசம் வந்தது.

"மருந்தே குடிக்கலைன்னா முட்டை பொரியத்தானே செய்யும்? வெனிலா ஒண்ணையும் காப்பாத்தலை. அதுகள் விஷத்தைத் தொடலை, அவ்வளவுதான்." மேடம் தன் நெற்றியில் தட்டிக்கொண்டார். "மொதல்லயே கலர் போட்டுப் பாத்திருக்கணும். இனிமே மருந்தையும் வெனிலாவையும் தனித்தனியாக் குடுத்து மொதல்லேர்ந்து ஆரம்பிக்கணும்."

அவருக்கு அது ஒரு வருட வேலை வீணாய்ப் போன வருத்தம். என் வீட்டில் எசென்ஸ் குப்பி இருப்பது அவருக்குத் தெரியாது. நான் கருகிய சோற்றைக் கொட்டிவிட்டு, சட்டியைத் தேய்த்து, மறுபடி உலை வைத்தேன். வயிற்றில் நாலு மாதம்.

அன்று சாயங்காலமே வீட்டுக்காரரிடம் சொன்னேன். சொல்லாமல் இருக்க என்னால் முடியாது. அவர் டீ டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார். வெனிலா போட்டதை அவர் குடித்துக்கொண்டிருந்தார்.

"அப்பம் அந்த ஈ பொழைச்சது..."

"மருந்தக் குடிக்காததால."

"நகந்து போயிருச்சாக்கும்."

"ஆமா."

டம்ளரைக் கீழே வைத்தார். "ஈக்கு இருக்குத புத்தி" என்றார். மறுநாள் காலையில் அவர் செம்பூர் பஸ் ஏறவில்லை. என் அண்ணன் கொட்டகைக்குப் போனார். போகிற வழியில் யாரையோ நிறுத்தி, கம்பெனியில் மற்ற நாலைந்து பேருக்கும் விஷயத்தைச் சொல்லச் சொன்னார் என்று பிறகு தெரிந்தது. அண்ணன் அவரை ஒரு வார்த்தையும் கேலியாகப் பேசவில்லை. "வாங்க மாப்ள" என்று பலகையைத் தூக்கிப் போட்டானாம்.

அதற்குப் பிறகு நாங்கள் காத்திருந்த மாதங்களைப் பற்றி எழுத எனக்கு வரவில்லை. பிள்ளை வயிற்றில் நன்றாகத்தான் உதைத்தது. அது உதைக்கும்போதெல்லாம் அவர் கையைப் பிடித்து வயிற்றில் வைப்பேன். அவர் கை எண்ணெயும் ஓமமுமாக வாசம் வீசும். "முறுக்கு வாசனைக்கு உதைக்குது, பசிக்காரி" என்பார். பெண்தான் என்று எப்படியோ முடிவு செய்திருந்தார்.

பெண்தான் பிறந்தாள். அழுதாள். நன்றாக, சத்தமாக அழுதாள். அந்தச் சத்தத்தை நான் கேட்டேன். வெளியே இருந்த அவரும் கேட்டிருக்கிறார். சயானில் இருந்த என் அண்ணிக்குச் சொல்ல ஓடியிருக்கிறார். அவர் திரும்பி வருவதற்குள் குழந்தையின் நிறம் மாறத் தொடங்கியது. நெஞ்சுக்குள் ஏதோ சரியாக உருவாகவில்லை என்றார்கள். சாயங்காலம் வரை இருந்தாள். அவர் அவளை மடியில் வைத்துக்கொண்டு அந்த அறையிலேயே உட்கார்ந்திருந்தார். ஆண்கள் அங்கே இருக்கக்கூடாது என்று விதி. யாரும் அவரை எழுப்பவில்லை.

அவரும் அண்ணனும்தான் கொண்டுபோனார்கள். வழியில் அண்ணன், நான் கொஞ்ச நேரம் வாங்கிக்கொள்கிறேன் மாப்ள என்று கேட்டானாம். கனம் இல்ல மச்சான் என்றாராம்.

மேடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எங்கள் கோலிக்கு வந்தார். தாராவிக்குள் அவர் வந்தது அதுதான் முதல் தடவை. புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, பை நிறைய ஆரஞ்சுப் பழத்தோடு சந்தில் விசாரித்து விசாரித்து வந்திருக்கிறார். பாயில் உட்கார்ந்தார். நான் எதிரே உட்கார்ந்தேன். என் வீட்டுக்காரர் சுவரில் சாய்ந்து நின்றார்.

மேடம் பையை என் பக்கம் நகர்த்தினார். வீட்டுக்காரர்தான் முதலில் கேட்டார்.

"இது அந்த மருந்தாலதானாம்மா?"

"தெரியலை" என்றார் மேடம். "பொய் சொல்லமாட்டேன். நெஞ்சு சரியா இல்லாத குழந்தை எல்லா வீட்டிலயும் பொறக்கறது. மருந்தே தொடாதவாளுக்கும் பொறக்கறது. உங்க பீப்பாயில என்ன இருந்ததுன்னே எனக்குத் தெரியாது. அதுதான்னும் சொல்ல முடியாது, அதில்லைன்னும் சொல்ல முடியாது."

அவர் தலையாட்டினார்.

"நீங்க எசென்ஸ் குடிச்சது எனக்கு இவ சொல்லித்தான் தெரியும், குழந்தை போனதுக்கு அப்புறம்" என்றார் மேடம். "அன்னிக்கு அந்தக் கண்ணாடியை உங்களுக்குக் காட்டியிருக்கப்படாது."

"நீங்க வேலைய விடச் சொன்னிய. நான்தான் கேக்கல."

"ஒண்ணு சொல்றேன், கேளுங்கோ. அதுக்குத்தான் வந்தேன். நாங்க பூச்சியில பாத்திருக்கோம். மருந்தை நிறுத்தினப்புறம் மொதல்ல வர்ற முட்டைதான் நிறைய கெட்டுப்போறது. நாள் ஆக ஆக, உடம்புல புது வித்து உண்டாக உண்டாக, பொரியறது அதிகமாறது. இதுக்குக் கலர் போட்டுப் பாத்தாச்சு, எல்லாம் பாத்தாச்சு. நீங்க வேலையை விட்டு அஞ்சாறு மாசம் ஆச்சு. இன்னும் கொஞ்ச நாள் போகட்டும். அப்புறம்..."

"அம்மா."

அவர் சத்தம் போடவில்லை. மெதுவாகத்தான் சொன்னார்.

"உங்க மேல எனக்கு ஒரு கோவமும் இல்ல. நீங்க இவளுக்கு வேல குடுத்தவிய. ஆனா இனி பூச்சியப் பத்தி எங்கிட்ட ஒண்ணும் சொல்லாதிய. நல்லதோ கெட்டதோ, வேண்டாம்."

அவர் சோடா வாங்கி வருகிறேன் என்று வெளியே போனார். மேடம் என் கையைப் பிடித்துக்கொண்டார். அதுவரை அவர் என்னைத் தொட்டதில்லை. இரண்டு பேரும் அவர் வரும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தோம். பிறகு அவர் மேடத்தைச் சாக்கடைப் பலகைகள் தாண்டி மெயின் ரோடு வரை கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார்.

உடம்பு தேறியதும் நான் ஈ அறைக்குத் திரும்பினேன். மேடம் சொன்னதை என் கண்ணாலும் பார்த்தேன். மருந்து நிறுத்திய ஆண்களை, சில நாளுக்கு ஒரு தடவை புதுப் பெண் ஈக்களோடு மாற்றி மாற்றி விட்டுக்கொண்டிருந்தார்கள். முதல் வரிசைக் கண்ணாடிகளில் பழுப்பு. கடைசி வரிசைக்கு வரும்போது பெரும்பாலும் வெறும் தோல்கள். அவற்றைக் கழுவாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தேன். இந்தத் தடவை இது உண்மை என்று எனக்குப் பட்டது. மேடம் தன் தவறைத் தானே கண்டுபிடித்து, நெற்றியில் அடித்துக்கொண்டு மறுபடி தொடங்கியதைப் பார்த்தவள் நான். அதனால் அவர் இப்போது சொன்னதை நம்பினேன். வெனிலா பற்றி அவர் தனித்தனியாகக் கொடுத்துப் பார்த்ததில் பெரிய வித்தியாசம் ஒன்றும் தெரியவில்லை என்று அந்த வேலையை விட்டுவிட்டார். வேறு ஊரில், வேறு மருந்துக்கு அது எப்படி நடந்துகொண்டதோ, எனக்குத் தெரியாது.

வீட்டில் அவர் என்னோடு ஒரு நாளும் சண்டை போட்டதில்லை. காய்ச்சல் வந்தால் கஞ்சி வைத்துக் கொடுப்பார். பண்டிகைக்குப் புடவை எடுத்து வருவார். ஆனால் விடியற்காலையில் மாவு பிசைய வேண்டும் என்று சொல்லி, அண்ணன் கொட்டகையிலேயே படுத்துக்கொள்ள ஆரம்பித்தார். முதலில் வாரத்தில் ஒன்றிரண்டு நாள். பிறகு எல்லா நாளும். ஏன் என்று எனக்குத் தெரியும். என் அருகில் வர அவருக்குப் பயம். அவர் தன்னையே விஷப் பீப்பாய் போல நினைத்துக்கொண்டிருந்தார்.

பயப்பட வேண்டாம், நாள் ஆகிவிட்டது, இப்போது சரியாக இருக்கும் என்று சொல்ல வேண்டியவள் நான்தான். வேறு யார் சொல்ல முடியும்? ஆனால் அதை எந்த வார்த்தையில் சொல்வது? ஈ அறையில் 'கன்னி' என்ற சொல்லுக்கே முகத்தைத் திருப்பிக்கொண்டவள். புருஷனைப் பார்த்து, வாங்க, இன்னொரு பிள்ளை பெற்றுக்கொள்ளலாம் என்று எப்படிச் சொல்வேன்? அதுவும் பூச்சி என்ற சொல் இல்லாமல் அதற்குக் காரணம் சொல்ல முடியாது. அந்தச் சொல்லை அவர் வேண்டாம் என்றுவிட்டார். சோறு கிண்டும்போதெல்லாம் எப்படித் தொடங்குவது என்று மனதுக்குள் சொல்லிப் பார்ப்பேன். மக்காச்சோள மாவு கெட்டியாகிக்கொண்டே வரும். பாட்டில்களில் ஊற்றி முடிக்கும்போது சொல்லத் தைரியம் வந்துவிட்டதுபோல இருக்கும். சயானில் பஸ் இறங்கும்போது போய்விடும்.

ஒரு தடவை மட்டும் ஆரம்பித்தேன். எனக்கு அன்று லீவு. மத்தியானச் சாப்பாட்டைத் தூக்குவாளியில் எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனேன். அண்ணன் சரக்குப் போட வெளியே போயிருந்தான். எண்ணெய்ச் சட்டி இறக்கியிருந்தது. அவர் மட்டும் பலகையில் உட்கார்ந்து முறுக்குக் குழலைத் துடைத்துக்கொண்டிருந்தார். இலையைப் போட்டுச் சோற்றை வைத்தேன். குழம்பை ஊற்றினேன். பக்கத்தில் குந்தி உட்கார்ந்தேன்.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். கையில் பிசைந்த சோறு. எதைச் சொல்ல வந்தேன் என்று அந்த நொடியே அவருக்குத் தெரிந்துவிட்டது. அவர் கண்களில் வந்த பயத்தை நான் பார்த்தேன். ஆஸ்பத்திரியில், குழந்தையின் நிறம் மாறிய பிறகு நர்ஸ் எங்களை நோக்கி நடந்து வந்தபோது வந்த அதே பயம்.

"குழம்புல உப்பு கம்மியா இருக்கும், பாத்துக்கிடுங்க" என்றேன்.

ஒரு வாய் எடுத்து வைத்தார். மெதுவாக மென்று விழுங்கினார்.

"சரியாத்தாம்ளா இருக்கு" என்றார்.